மூடுபனிக்கு வாரண்டி இல்லை

பச்சைத் தேயிலை விலை இறங்கிக்கொண்டே போன அந்த வருடங்களில், குன்னூரைச் சுற்றி இலை வாங்கித் தூள் போடும் சிறிய ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி ஒன்றில்தான் என் கணவர் டிரையர் பார்த்துக்கொண்டிருந்தார். அரைத்த இலையைச் சூட்டில் காயவைக்கும் இயந்திரம் அது. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை இல்லை என்றார்கள். பிறகு இரண்டு நாள்தான் வேலை என்றார்கள். கடைசியில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவர் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கேட் வரை போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி மலை ஏறி வந்தபோது இந்த ஊரில் எனக்குப் பிடிபடாமலே போன ஒரு காரியம் துணி காயவைப்பதுதான். எங்கள் ஊரில் காலையில் கொடியில் போட்டால் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் மடித்து வைத்துவிடலாம். இங்கே ஜூனில் நனைத்த சட்டை ஆகஸ்ட் வரைக்கும் ஈர வாடையோடுதான் இருக்கும். போர்வையை முகத்தருகே இழுத்தால் பாசி மணக்கும். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வாடை தெரியுமே, லாட்ஜுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு லாட்ஜில் போய்க் கேட்டேன். மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பித் துவைத்து வாங்குவதாக மானேஜர் சொன்னார். மழையில் ரோடு அடைபட்டால் படுக்கை விரிப்புகளும் கீழேயே மாட்டிக்கொள்ளுமாம்.

"வாட இல்லாமத் தருவீங்கன்னா உங்களுக்கே குடுக்கறனுங்க" என்றார்.

முதல் சில மாதம் கையால் துவைத்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தேன். விரிப்பு காய்ந்தது, ஆனால் புகை வாடை ஏறியது. மானேஜர் முகம் சுளித்தார். ஃபேக்டரியில் என் கணவருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. துவைத்துப் பிழிந்து முக்கால்வாசி காயவைத்தே தரும் வாஷிங் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "உனக்குச் செரின்னு பட்டா வாங்கு" என்றார்.

ஊட்டி கமர்ஷியல் சாலைப் பக்கத்தில் ஒரு பெரிய கடை. டிவி, ஃபிரிட்ஜ், மெஷின் எல்லாம் வரிசையாக நிற்கும். எங்களைக் கவனித்த விற்பனையாளர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு. நான் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே, "நீங்க பொள்ளாச்சிப் பக்கமுங்களா? நான் பக்கத்துல உடுமலைங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிச் சந்தேகம் போய்விட்டது. பட்டனைத் தட்டினால் தானே எல்லாம் செய்துகொள்ளும் மெஷின் ஒன்றைக் காட்டினார். விலையைப் பேசி முடித்த பிறகு இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"கம்பெனி வாரண்டி ஒரு வருசந்தானுங்க. மேக்கொண்டு ரெண்டு வருசத்துக்கு எங்க கடையே வாரண்டி தருதுங்க. தனியாக் கட்டோணும். ஆனா இத எடுக்காமப் போயிராதீங்க அக்கா."

"எதுக்குங்க? புது மெஷின் தானுங்களே?"

"இது கோயமுத்தூரா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லிப்போடுவனுங்க. இந்த ஊரு மிஸ்ட்டுக்கு எலெக்ட்ரானிக் சாமான் எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாதுங்க. உள்ள ஒரு போர்டு இருக்குது, அது போச்சுன்னா பாதி மெஷின் வெல. மலைல இருக்கறவங்க கட்டாயம் எடுத்துக்கோணுங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். மூடுபனி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. விற்பனையாளர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதற்கும் சேர்த்துப் பணம் கட்டினோம்.

ஒரு வருடத்துக்கும் மேல் மெஷின் நன்றாக ஓடியது. லாட்ஜோடு கூட, பிரசவமான வீடுகளிலிருந்து பச்சைக் குழந்தைத் துணிகளும் வர ஆரம்பித்தன. சுற்றிலும் வீடுகளில் வேலை இல்லாமல் ஆண்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த மெஷினால்தான். இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள், விரிப்புகள் தண்ணீரோடு உள்ளே கிடக்க, மெஷின் நின்றது. விளக்குகள் எல்லாம் ஒருசேர மின்னிவிட்டு அணைந்தன. என் கணவர் பிளக்கைப் பிடுங்கி மாட்டினார், ஃபியூஸைப் பார்த்தார். கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது.

கடைக்குச் சொல்லி, ஒரு வாரம் கெஞ்சிய பிறகு கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த போர்டில் ஒரு மூலை கறுத்திருந்தது.

"போர்டு போச்சுங்க. மிஸ்ட்டு எறங்கியிருக்குது" என்றபடியே ஒரு தாளில் எழுதினார்.

"மாத்திக் குடுப்பீங்கள்ல? கடை வாரண்டி இன்னும் இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்க்காமலே திருகாணிகளை முடுக்கினார். "ஈரத்தால போனா வாரண்டியில வராதுங்க. கடையில கேட்டுக்குங்க."

அன்று மாலை அந்த வாரண்டித் தாளைத் திருப்பி வைத்துப் படித்தேன். பின்பக்கம் முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தால் புரியும். காற்றிலுள்ள ஈரத்தால் வரும் பழுதுக்குக் கடை பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. எதைச் சொல்லி இந்தத் தாளை விற்றார்களோ அதுவே இதில் கிடையாது. எனக்குக் கோபம் வரவில்லை முதலில். சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடி படித்தேன். பிறகு வந்தது.

மறுநாள் தனியாகவே ஊட்டி போனேன். என் கணவர் வரவில்லை. பெரிய கடைக்காரர்களிடம் போய் நின்று வாதாடுவது அவருக்குக் கூச்சம். கடையின் மாடியில் ஒரு கண்ணாடி அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், டீ வேண்டுமா என்று கேட்டார்.

"மெக்கானிக் ரிப்போர்ட் வந்துருச்சும்மா. மாய்ஸ்ச்சர், ஈரம். நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல."

"உங்க ஆளு மிஸ்ட்டுக்குன்னு சொல்லித்தானுங்க இத வித்தாரு."

"அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரும்மா. நீங்க தப்பாப் புரிஞ்சிருப்பீங்க. தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான்."

"ஏனுங்க, ஊட்டியில கடை வெச்சுருக்கறீங்க. மிஸ்ட்டு படாத ஊடு இந்த மலைல எங்கிருக்குதுன்னு சொல்லுங்க, நான் அங்கயே மெஷினக் கொண்டுபோய் வெச்சுக்கறேன்."

அவர் சிரித்தார். அதுதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. திட்டியிருந்தால்கூட ஒருவேளை வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு விட்டிருப்பேன். நான் ஏதோ வேடிக்கை சொன்ன மாதிரி அவர் சிரித்தார்.

படி இறங்கி வந்தபோது கீழே அதே உடுமலைக்காரர் இன்னொரு குடும்பத்துக்கு டிவி காட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர் போலிருந்தது. ஐம்பது வயதிருக்கும் அம்மா, தலையில் மஃப்ளர், பக்கத்தில் அவர் கணவர். உடுமலைக்காரருக்கு நான் படியில் நிற்பது தெரியவில்லை.

"இது கோயமுத்தூரா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லுவனுங்க. இந்த ஊரு மிஸ்ட்டுக்கு இந்த வாரண்டி கட்டாயம் எடுத்துக்கோணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சொன்ன அதே பேச்சு.

நான் நேராக அந்த அம்மாவிடம் போனேன். "அம்மா, இவரு இப்பச் சொன்னத நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா? மிஸ்ட்டுக்குன்னு சொன்னாருங்களா?"

"ஆமா, சொன்னாரு" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"எனக்கும் இதையேதான் சொல்லி வித்தாருங்க. இப்ப என்ற மெஷின் மிஸ்ட்டுனால போச்சு, அதனால வாரண்டி கெடையாதுன்னு மாடியில சொல்றாங்க. அந்தத் தாளத் திருப்பிப் பாருங்க. அதுல எழுதியிருக்குது."

கடையில் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். உடுமலைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி படியில் இறங்கி வந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"ஏம்மா, யாவாரத்தக் கெடுக்கறியா? வெளிய போ. போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. வர்ற வரைக்கும் இங்கயேதான் நிக்கறேன்."

நின்றேன். போலீஸ் வரவில்லை. அவர் கூப்பிடவே இல்லை. அந்த எஸ்டேட் அம்மா தாளைத் திருப்பித் தன் கணவரிடம் காட்டினார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா எண்ணி வைத்திருந்த பணத்தை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"எம் மகன் திருப்பூர்ல பனியன் தச்சு அனுப்புன சல்லி இது" என்று முதலாளியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "யோசிச்சிட்டு வாறோம்."

வெளியே வந்து என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்கள். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். "நீங்க எங்கயாச்சும் போயி எழுதிக் குடுத்தா, நா வந்து சொல்றேன். என் காதால கேட்டது" என்றார் அந்த அம்மா. வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் எஸ்டேட் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நுகர்வோர் கோர்ட் என்று ஒன்று ஊட்டியிலேயே இருப்பது எனக்குத் தெரியும், பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் வக்கீல் வேண்டும், ஸ்டாம்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன். துணிந்து போனேன். அங்கே இருந்த குமாஸ்தா இந்த மலையின் படுகர். மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். "வக்கீல் வேண்டியதில்ல. வெள்ளத்தாள்ல நடந்தத எழுதுங்க. தமிழ்ல எழுதலாம். என்ன வேணும்னு கடைசியில எழுதுங்க. பில்லுக்கும் வாரண்டிக்கும் ஜெராக்ஸ் வையுங்க" என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்.

மூன்று பக்கம் எழுதினேன். கடைசியில் என்ன வேண்டும் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. புது மெஷின் வேண்டும் என்று எழுதினேன். அதற்குக் கீழே, மூடுபனியைக் காரணம் காட்டியது தவறு என்று சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். குமாஸ்தா அந்த வரியைப் படித்துவிட்டு என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.

நோட்டீஸ் போன சில நாளில் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். வெலிங்டன் போகிற வழியில், ரோட்டிலிருந்து நூறு படி கீழே இறங்க வேண்டும் எங்கள் வீட்டுக்கு. மழையில் பளபளப்பான ஷூவோடு அவர் இறங்கி வந்ததைப் பார்த்ததும் என் கணவர் பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எதுக்குங்க கோர்ட்டு கேசுன்னு அலைஞ்சுகிட்டு? போர்டு நான் மாத்திக் குடுத்தர்றேன். ஒரு பைசா வேண்டாம்" என்றார் முதலாளி. தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து மட்டும்."

வாங்கிப் படித்தேன். இந்த முறை தமிழ். மூடுபனியால் ஏற்பட்ட பழுது என்பதை ஒப்புக்கொள்கிறேன், கடையின் நல்லெண்ணத்தால் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருந்தது.

"போர்ட மாத்துங்க. வாரண்டியில மாத்துனதா எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"அது முடியாதும்மா. அப்படி எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"எல்லாருக்கும் அதச் சொல்லித்தானுங்களே வித்தீங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். ஊட்டுல பெரியவங்க நீங்கதான."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மெஷின் சமையலறை மூலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நின்றது. அதற்கு முன்னால் இரண்டு வாளி நிறைய லாட்ஜ் விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. "போட்டுரு" என்றார் என்னிடம், மிகத் தணிந்த குரலில். "மெஷின் ஓடுனாப் போதும் நமக்கு."

"மிஸ்ட்டால போச்சுன்னு என்ற கையால எழுதிக் குடுக்கமாட்டேன்" என்றேன். தாளை மடித்து முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் போன பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை. ஃபேக்டரி மூடியதிலிருந்து அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வீம்பு என்றார். வயிறு கேட்குமா உன் ரோசத்தை என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த வாரமே லாட்ஜ் மானேஜர் பாதி விரிப்புகளை மறுபடி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய்யென்று நானே சொன்னதாகிவிடும். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "நீங்க கேட் வரைக்கும் போயிப் போயி வந்தீங்களே, ஒரு நாளாவது உள்ள போயி ஏன் மூடுனீங்கன்னு கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் எழுந்து வெளியே போனார்.

சில நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலை நான் குழாயடியில் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது வந்து மறுமுனையைப் பிடித்தார். ஃபேக்டரியில் டிரையர் தட்டு தூக்கிய கை. அவர் முறுக்கியதில் நான் பிழிந்ததற்கு மேல் இன்னொரு மடங்கு தண்ணீர் கொட்டியது. "எப்ப ஊட்டிக்குப் போகோணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்தார். உள்ளே வர மாட்டார், வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார்.

கடைக்கு வாதாட ஒரு வக்கீல் கோயமுத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்ததைவிட வராமல் போனதுதான் அதிகம். ஒருதரம் ஜூனியர் எழுந்து, மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி மூடுபனியாக இருப்பதால் சீனியர் வந்துசேர முடியவில்லை, வாய்தா வேண்டும் என்றார். பேசுவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதே மறந்துபோய் நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, மிஸ்ட்டு படாம மெஷின வெச்சிருக்கோணும்னு எங்கிட்டச் சொல்றாருங்க. அவராலயே இந்த மலைல மிஸ்ட்டுக்குத் தப்பி வர முடியலீங்களே."

மேஜைக்குப் பின்னால் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். ஒருவர் பெண். அவர் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். தலைவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்தமுறை வராவிட்டால் வக்கீல் இல்லாமலே விசாரிப்போம் என்று ஜூனியரிடம் சொன்னார்.

அடுத்தமுறை சீனியர் வந்தார். அவர் மூடுபனியை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பிடித்தார். இந்த அம்மா வீட்டுத் துணி துவைக்க மெஷின் வாங்கவில்லை, லாட்ஜ் துணி துவைத்துச் சம்பாதிக்க வாங்கினார், இது வியாபாரம், வியாபாரிக்கு இந்தக் கோர்ட்டில் இடமில்லை என்றார். எனக்கு அது புதிது. இத்தனை அலைந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது.

பெண் உறுப்பினர் என்னிடம் கேட்டார். "துவைக்கிறதுக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. நாந்தான். இப்ப அவரும் கூடப் பிழியறாரு."

"வேற வருமானம்?"

"ஃபேக்டரி மூடிட்டாங்க. வேற இல்லீங்க. இதுலதான் சாப்புடறோம்."

அவர் வக்கீலைப் பார்த்து, சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கினால் அது வியாபாரக் கணக்கில் வராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறதே என்றார். வக்கீல் உட்கார்ந்தார். எனக்காக அப்படி ஒரு வரியைச் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து முதலாளி. மூடுபனிக்கு என்று சொல்லி வாரண்டி விற்கும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை, யாராவது ஊழியர் தானாகச் சொல்லியிருந்தால் அதற்குக் கடை பொறுப்பாகாது என்றார். உடுமலைக்காரர் அவருக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்தார். அதைக் கேட்டு நிமிர்ந்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். நான் கோத்தகிரி எஸ்டேட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தேன். வருவார் என்ற நம்பிக்கை பாதிதான். எஸ்டேட்டில் லீவு போட்டால் அன்றைய கூலி போகும். ஆனால் அந்த அம்மா வந்திருந்தார். அதே மஃப்ளர், கையில் குடை. கூண்டில் ஏறியதும் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார்.

"நா டிவி வாங்கப் போனேன். இந்தா நிக்கிறாரே, இவருதான் பேசினாரு. மிஸ்ட்டுக்கு டிவி கெட்டுப்போகும், அதுக்குத்தான் இந்த வாரண்டின்னு சொன்னாரு. அப்பதான் இந்தத் தங்கச்சி வந்திச்சி."

வக்கீல் எழுந்தார். "உங்களுக்கு இந்த அம்மாவ முன்னாடியே தெரியும்ல?"

"தெரியாது. அன்னைக்குத்தான் பாத்தேன்."

"யார் சொல்லி இப்படிச் சாட்சி சொல்றீங்க?"

அவர் வக்கீல் பக்கம் திரும்பினார். "எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? இந்தியாவுக்குப் போனா வீடு, நிலம், எல்லாம் இருக்குன்னு சொல்லித்தான் எங்கள சிலோன்ல கப்பல் ஏத்தினாங்க. வந்து பாத்தா தாள்ல வேற எழுதியிருந்திச்சி. வாயால சொல்றது ஒண்ணு, தாள்ல இருக்கறது ஒண்ணுன்னா எப்பிடி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியுங்க."

தலைவர் அதை எழுத வேண்டியதில்லை என்று குமாஸ்தாவிடம் சொன்னார். ஆனால் யாரும் அந்த அம்மாவை நிறுத்தவில்லை. வெளியே வந்ததும் பஸ் காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வாங்கவில்லை. என் கணவர் ஓடிப்போய் வர்க்கி பிஸ்கட் வாங்கிவந்து அவர் பையில் திணித்தார். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்தது. குமாஸ்தா எனக்குத் தமிழில் சொன்னார். மலையில் கடை வைத்து, மலையில் வாழ்கிறவர்களுக்கு, மலைக் காலநிலையைச் சொல்லியே வாரண்டியை விற்றுவிட்டு, அதே காலநிலையைக் காட்டி மறுக்க முடியாது. அதே வகைப் புது மெஷின் தர வேண்டும், செலவுத் தொகையும் தர வேண்டும். "நீங்க கடைசியில எழுதியிருந்தீங்கள்ல, அதையும் சொல்லியிருக்காங்க" என்றார் குமாஸ்தா. நான் வராந்தாவுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, எதிரே இருந்த பைன் மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பசிக்குது, வா" என்றார்.

அப்பீல் போவோம் என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் இன்னும் பல மாதம் இழுத்தார். அதற்குள் லாட்ஜ் முழுதாகக் கைவிட்டுப் போயிருந்தது. கடைசியில் ஒரு வேன் வந்தது. இரண்டு பேர் அந்தப் படிகளில் மெஷினைத் தூக்கி இறக்கினார்கள். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே டிரைவர், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற தாளை நீட்டினார்.

"பிரிங்க. மாட்டுங்க. ஒரு ரவுண்டு துவைச்சு முடிக்கட்டும். அப்பறம் போடறேன்."

"அதுக்கு ஒரு மணி நேரம் ஆகுமுங்க. ரோட்டுல வண்டி நிக்குது."

"டீ வெக்கறேன். உக்காருங்க."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். மெஷின் துவைத்தது, பிழிந்தது, உலர்த்தியது. விரிப்பை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். லாட்ஜுக்குப் பதிலாகக் கான்வென்ட் ஹாஸ்டல் ஒன்று கிடைக்க இன்னும் ஒரு சீசன் ஆனது. லாபமா நஷ்டமா என்று கேட்டால் அந்த வருடத்தில் எங்களுக்கு நஷ்டம்தான். இன்னொருதரம் நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

உடுமலைக்காரரை அடுத்த வருடம் மேட்டுப்பாளையத்தில் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று ஆட்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் குரல் நின்றுவிட்டது.

"தீர்ப்பு வந்த வாரமே என்ன நிறுத்திட்டாங்க" என்றார். "உங்களாலதானுங்க அக்கா."

"என்னால இல்லீங்க. உங்களச் சொல்லச் சொன்ன முதலாளியே கோர்ட்டுல உங்க மேல தள்ளிப்போட்டாரு. நீங்க பின்னாடியே நின்னீங்க. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"பொண்டாட்டி பிள்ள இருக்குதுங்க."

"எனக்குந்தானுங்க ஊடு இருந்துச்சு."

எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை, கேட்கவும் இல்லை. உள்ளே போய் என் கணவருக்கு ஒரு வேட்டி எடுத்தேன். கரையின் சாயம் போகாது என்று கவுண்டரில் சொன்னார்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் காத்திருந்தேன். உடுமலைக்காரர்தான் உள்ளே வந்து, "எழுதிக் குடுங்க" என்று காசாளரிடம் சொன்னார்.